காட்டில் சிக்கிய படையும் கல்கத்தாவின் சணலும்

பகைவர் நாட்டுக்குள் புகுந்து, திரும்பும் வழி அடைபட்டு, காட்டிலே தவிக்கும் சிறு படையின் கதை யுத்தத் திரைப்படங்களுக்கு மிகவும் உகந்த கதையாகும். அதில் வீரம் உண்டு, நட்பு உண்டு, பசியும் நோயும் உண்டு, எந்த மரத்தின் பின்னிருந்து குண்டு வருமோ என்ற திகிலும் உண்டு. அத்தகைய படை எவ்வாறு பிழைத்து வருகிறது என்ற கேள்விக்குப் படங்கள் பெரும்பாலும் ஒரே விடையைத்தான் கூறுகின்றன: தலைவனுடைய துணிவு. சரித்திரம் கூறும் விடை அதனினும் விரிவானது. அந்த விடையில் கல்கத்தா நகருக்கும், ஹூக்ளி நதிக்கரைச் சணல் ஆலைகளுக்கும், வங்காளத்துக் கிராமங்களுக்கும் இடம் உண்டு. இன்று கொல்கத்தா என்று வழங்கும் இந்நகரை, பேசப்படும் காலத்துக்கு ஏற்ப, அக்காலப் பெயராலேயே இங்கே குறிப்போம்.

இவ்வகைப் படங்களில் பெயர் பெற்ற ஒன்று, அமெரிக்காவின் வார்னர் சகோதரர் நிறுவனம் 1945-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அப்ஜெக்டிவ், பர்மா!' என்பதாகும். ராவுல் வால்ஷ் இயக்கிய அப்படத்தில் எரால் பிளின் கதாநாயகராக நடித்தார். அமெரிக்கச் சிப்பாய்கள் சிலர் பாராசூட் மூலம் பர்மாக் காட்டில் இறங்குகின்றனர். ஜப்பானியரின் ரேடார் நிலையம் ஒன்றை அழிக்கின்றனர். அவர்களை ஏற்றிச் செல்ல விமானம் வந்து இறங்கவேண்டிய இடத்தில் பகைவர் வந்து சூழ்ந்துவிடுகின்றனர். விமானம் இறங்க இயலாமல் திரும்புகிறது. பிறகு அவர்கள் நடக்கின்றனர். உணவு வானிலிருந்து போடப்படுகிறது. சில வேளைகளில் அதுவும் கிட்டுவதில்லை. இறுதியில் மிகச் சிலரே மீள்கின்றனர். படையின் தலைவன், இறந்தோரின் பெயர் பொறித்த வில்லைகளைத் தன் மேலதிகாரியிடம் கையளிக்கிறான். வெற்றிக்குக் கொடுத்த விலை அதுவே என்பது பொருள். பர்மாவைக் கண்ணால் காணாமலே, கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலீஸ் நகருக்கு அருகில் எடுக்கப்பட்ட படம் அது. ஆயினும் காட்டு நடையின் களைப்பை உள்ளபடி காட்டிய படம் என்பதில் ஐயமில்லை.

இக்கதை கற்பனை. இதற்கு நிகரான நிகழ்ச்சியோ உண்மையிலேயே நடந்தது. அது இப்படத்தினும் துயரமானது.

1942-ஆம் ஆண்டின் நடுவிலே பர்மா ஏறக்குறைய முழுவதும் ஜப்பானியர் வசமாயிற்று. அங்கே வாழ்ந்த இந்தியரில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் வழியாகவும், மலைகளைக் கடந்து கால்நடையாகவும் தாயகம் திரும்பினர். செட்டிநாட்டு வணிகரும், கூலி வேலைக்குச் சென்ற குடும்பத்தாருமாகத் தமிழர் பலர் அக்கூட்டத்தில் இருந்தனர். தமூ, பலேல் வழியாக மணிப்பூரை அடைந்து, ரயிலேறிக் கல்கத்தா வந்து, அங்கிருந்து ஊர் திரும்பியோர் கதைகள் இன்றும் நம் குடும்பங்கள் சிலவற்றில் வழங்குகின்றன. வழியிலேயே மாண்டோர் பல்லாயிரவர். அந்த எல்லை மலைகளின் வழியாகவே, எதிர்த்திசையில், 1943 பிப்ரவரியில் ஒரு படை பர்மாவுக்குள் நுழைந்தது.

அதுதான் ஆர்டு விங்கேட் என்னும் தளபதியின் கீழ் அமைந்த 77-வது இந்தியக் காலாட் பிரிகேட். ஏறக்குறைய 3,000 பேரும், ஆயிரம் கோவேறு கழுதைகளும் அதில் இருந்தனர். லிவர்ப்பூல் நகரத்து ஆங்கிலேயப் பட்டாளம் ஒன்று, கூர்க்காப் பட்டாளம் ஒன்று, கரேன், கச்சின் முதலிய மலைக்குடியினர் சேர்ந்த பர்மா ரைபிள்ஸ் பட்டாளம் ஒன்று என அது அமைந்திருந்தது. இப்படையினர்க்குச் 'சிண்டிட்' என்ற பெயர் பிற்பாடு வழங்கலாயிற்று. நம் கோயில் தூண்களில் யாளி நிற்பதுபோலப் பர்மியப் புத்தர் கோயில் வாயில்களில் நிற்கும் சிங்க உருவத்துக்குச் 'சிந்தே' என்று பெயர். அதிலிருந்து பிறந்ததே இச்சொல். பெரியதொரு படையெடுப்புக்குத் துணையாகவே இப்படை முதலில் திட்டமிடப்பட்டது. அப்படையெடுப்பு கைவிடப்பட்ட பின்னரும், இந்தியாவின் பிரதம சேனாதிபதியாயிருந்த வேவல் இம்பாலுக்கு நேரில் வந்து, விங்கேட்டின் வாதத்தைக் கேட்டு, இப்படையை மட்டும் செல்ல அனுமதித்தார். வேவலின் பெயரை நேயர்கள் நினைவிற் கொள்க, மீண்டும் வரும்.

சிறு சிறு அணிகளாகப் பிரிந்து, சிந்துவின் ஆற்றைக் கடந்து சென்ற இவர்கள், மார்ச் மாதத் தொடக்கத்தில் ரயில் பாதையைப் பல இடங்களில் தகர்த்தனர். அதன்பின் ஐராவதி நதியையும் கடந்தனர். அங்கேதான் பொறி மூடிக்கொண்டது. ஐராவதிக்கும் ஷ்வேலி ஆற்றுக்கும் இடைப்பட்ட அந்த நிலம் வறண்டது, வெயில் கொடியது, சாலைகள் பகைவர் கையில் இருந்தன. விமானங்கள் எட்டக்கூடிய எல்லையை நெருங்கியதால் உணவும் அருகிற்று. ஐந்து நாளுக்குரிய உணவைப் பல நாள் வைத்துத் தின்றனர். கோவேறு கழுதைகளையும் கொன்று தின்றனர். மார்ச் மாத இறுதியில் திரும்பிவர உத்தரவு வந்தது. ஆனால் திரும்பக் கடக்கவேண்டிய ஆறுகளில் படகு கிடைப்பது அரிதாயிற்று. ஜப்பானியர் அவற்றை அப்புறப்படுத்தியிருந்தனர்.

பெர்னார்டு பெர்குசன் என்பவர் தலைமை தாங்கிய அணி, ஷ்வேலி ஆற்றை இரவில் கடக்க முயன்றது. படகுகள் அவர்களை நடு ஆற்று மணல்திட்டு ஒன்றில் இறக்கிவிட்டன. அதற்கப்பால் வெள்ளம் மார்பளவு ஓடிற்று. இழுப்பு மிகுந்த அந்நீரில் இறங்கிய சிலர் அடித்துச் செல்லப்பட்டனர். பட்டினியால் மெலிந்திருந்த நாற்பதுக்கு மேற்பட்டோர் மேலும் இறங்க மாட்டாமல் திட்டிலேயே நின்றுவிட்டனர். விடிந்தால் பகைவர் வருவர். அவர்களை அங்கேயே விட்டு மேற்செல்லத் தலைவர் முடிவு செய்தார். அந்த முடிவு தம் மனச்சாட்சியை விட்டு ஒருநாளும் அகலாது என்று அவரே பின்னர்த் தம் நூலில் எழுதினார். நடக்க இயலாதவனை விட்டுச் செல்க என்பதுதான் அப்படையின் விதி. இயன்றபோது நட்புடைய கிராமத்தில் விட்டனர். இயலாதபோது மரத்தடியில் துப்பாக்கியும் நீரும் வைத்துவிட்டு நடந்தனர்.

3,000 பேரில் ஏறக்குறைய 2,200 பேரே திரும்பி வந்தனர். அவர்களிலும் 600 பேர் மீண்டும் போர்க்களத்துக்குத் தகுதியற்றவராயினர். தகர்த்த ரயில் பாதையை ஜப்பானியர் விரைவில் செப்பனிட்டுக்கொண்டனர். ஆகவே போரின் கணக்கில் இது பெரிய வெற்றியன்று. ஆயினும் ஒரு படிப்பினை கிட்டிற்று. தரைவழித் தொடர்பு அறுபட்ட படையை வானத்திலிருந்து ஊட்டி வாழவைக்கலாம் என்பதே அது. அப்படிப்பினையின் முழு உருவம் 1943 ஏப்ரல் 28-ஆம் நாள் வெளிப்பட்டது. மேஜர் ஸ்காட் என்பவரின் அணி, காட்டின் நடுவே ஒரு வெட்டவெளியைக் கண்டு, பாராசூட் துணிகளைத் தரையில் பரப்பி, விமானம் இங்கே இறங்குக என்று பெரிய எழுத்தில் அமைத்தது. திரிபுராவிலுள்ள அகர்தலாவிலிருந்து இயங்கிய 31-வது விமானப் பிரிவின் டகோட்டா விமானம் ஒன்று அவ்வாறே இறங்கியது. நோயுற்றும் காயமுற்றும் நடக்க முடியாதிருந்த 17 பேர் அதில் ஏறி மீண்டனர். மற்றவர் தொடர்ந்து நடந்தனர். அவ்விமானத்தில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றின் படக்காரர் இருந்தார்; அவர் எடுத்த படங்கள் உலகெங்கும் பரவின. காட்டில் சிக்கிய படை உலகத்தாரின் கற்பனையில் புகுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, 'அப்ஜெக்டிவ், பர்மா!' இலண்டனுக்கு வந்தபோது எழுந்த கூச்சலின் பொருள் விளங்கும். 1945 செப்டம்பரில் திரையிடப்பட்ட ஒரே வாரத்தில் அப்படம் நிறுத்தப்பட்டது. பர்மாப் போரை அமெரிக்கர் தனியே நடத்தியதுபோல் காட்டுகிறதே என்பது ஆங்கிலேயப் பத்திரிகைகளின் புகார். 1952-இல்தான், பிறர் பங்கையும் குறிப்பிடும் முன்னுரையோடு, அங்கே மீண்டும் வெளிவந்தது. அமெரிக்க விமானங்களும், வடபர்மாவில் போரிட்ட மெரில் என்பவரின் படையும் ஆற்றிய தொண்டு மெய்யானதே. எனினும் புகாரில் நியாயம் இருந்தது. அந்நியாயத்தை நாம் இன்னும் சற்று நீட்டலாம். பர்மாவில் போரிட்ட 14-வது சேனையில் பெரும்பாலோர் இந்தியர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த தமிழரும் பிற தென்னாட்டாரும் அங்கே சாலை வகுத்தனர், பாலம் அமைத்தனர். இலண்டனின் புகாரில் இவர்களுக்கு அதிக இடம் இருக்கவில்லை. துப்பாக்கி ஏந்தாமலே அப்படைகளை வாழவைத்த மற்றொரு கூட்டத்துக்கோ எந்தப் புகாரிலும் இடம் இல்லை. அவர்களைக் காணக் கல்கத்தாவுக்கு வரவேண்டும்.

பர்மாப் போரின் பின்புறக் களஞ்சியம் கல்கத்தா. மைதானத்தை ஊடறுத்துச் செல்லும் ரெட் ரோடு, 1942-43-இல் போர் விமானங்கள் இறங்கும் ஓடுபாதையாயிற்று. 1942 டிசம்பர் 20 அன்று ஜப்பானியர் நகரின்மீது முதன்முறை குண்டு வீசினர். 1943 டிசம்பர் 5-ஆம் நாள் கிதிர்ப்பூர்த் துறைமுகத்தைப் பகலிலேயே தாக்கினர். ரிஷ்ராவிலிருந்த ஹேஸ்டிங்ஸ் சணல் ஆலையில் 1944-இல் நேசநாட்டு விமானப்படைத் தலைமையகம் அமைந்தது. சணல் மூட்டை அடுக்கிய கூடங்களிலே போர் வரைபடங்கள் விரிந்தன.

இதற்கிடையே போரின் போக்கும் மாறியது. 1944 பிப்ரவரியில், அரக்கான் பகுதியிலுள்ள சின்ஸ்வேயா என்னுமிடத்தில் 7-வது இந்திய டிவிஷன் சூழப்பட்டது. முன்பெல்லாம் சூழப்பட்ட படை பின்வாங்கும், காட்டுக்குள் சிதறும். இம்முறை அது நின்ற இடத்திலேயே நின்றது. மருத்துவ நிலையத்துக்குள் புகுந்த ஜப்பானியர், நோயாளிகளையும் மருத்துவரையும் கொன்ற கொடுமையும் அங்கே நடந்தது. ஏறக்குறைய மூன்று வாரம், உணவும் வெடிமருந்தும் வானிலிருந்தே வந்தன. முற்றுகையிட்டவர் பசியால் தளர்ந்தனர். முற்றுகையிடப்பட்டவர் உண்டு போரிட்டனர். அதே ஆண்டு மார்ச் 29 முதல் ஜூன் 22 வரை இம்பால் சமவெளியும் தரைவழித் தொடர்பற்று, வான்வழி உதவியாலேயே நிலைத்தது. மறுபுறத்தில், மலை கடந்து வந்த ஜப்பானியச் சேனைக்கு வானத்திலிருந்து சோறு போடுவார் இல்லை. போரில் மாண்டவரைவிடப் பட்டினியாலும் நோயாலும் மாண்டவரே அவர்களுள் மிகுதி. அவர்களோடு வந்த இந்திய தேசிய ராணுவத்தாரும் அதே பசிக்கு இரையாயினர். நாட்டின் விடுதலையை நாடி வந்த அவர்களுக்கும், எதிரே நின்ற இந்தியச் சிப்பாய்க்கும் இடையே நின்றது வீரத்தில் ஏற்றத்தாழ்வு அன்று, ஒருவேளைச் சோறு.

வானிலிருந்து பொருளைப் போடுவதற்குப் பாராசூட் வேண்டும். ஒரு முறை போட்டது பெரும்பாலும் காட்டிலேயே போய்விடும். ஆகவே இலட்சக்கணக்கில் வேண்டும். அவ்வளவு துணி இந்தியாவில் இல்லை. இங்கிலாந்திலிருந்து வருமென்ற நம்பிக்கையும் இல்லை. அப்பொழுது 14-வது சேனையின் தளபதி ஸ்லிம், வங்காளத்தில் அளவின்றி விளையும் ஒரு பொருளை எண்ணினார், அதுவே சணல். உரிய அலுவலகப் படிகளையெல்லாம் ஏறாமல், கல்கத்தாவின் சணல் ஆலை முதலாளிகளை நேரே அணுகினார். சில நாட்களிலேயே சோதனைகள் தொடங்கின. ஒரு மாதத்துக்குள் சணற்குடை உருவாயிற்று. பாராசூட் என்ற சொல்லையும் சணலின் ஆங்கிலப் பெயரையும் இணைத்து அதற்குப் 'பாராஜூட்' என்று பெயரிட்டனர். மனிதரை இறக்க அது உதவாது. மூட்டையை இறக்கப் போதும். வழக்கமான பாராசூட்டின் திறனில் 85 சதவீதம் அதற்கு இருந்தது. வழக்கமான பாராசூட்டின் விலை 20 பவுனுக்கு மேல்; சணற்குடையின் விலை ஒரு பவுனுக்குச் சற்றே மேல். இத்தனை பணத்தை மிச்சப்படுத்தியதற்கு மேலிடத்திலிருந்து தமக்குக் கிடைத்தது கண்டனமே என்று, 1956-இல் வெளிவந்த தம் நினைவு நூலில் ஸ்லிம் நகைச்சுவையோடு குறித்துள்ளார்.

இனிச் சொல்லவேண்டியது நகைக்கத்தக்கதன்று. சணல் இருந்தது; அதனை நெய்யும் கைகள் இருந்தன; வேண்டுமென்று ஒருவர் எண்ணியதும், விதிகளை ஒதுக்கிவிட்டு ஒரு மாதத்தில் காரியம் முடிந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், அதே வங்காளத்தில் நடந்ததென்ன?

பர்மா வீழ்ந்ததும் அந்நாட்டு அரிசி வருவது நின்றது. 'ரங்கூன் அரிசி' என்று தமிழ்நாட்டிலும் பெயர் பெற்றிருந்த அரிசி அதுவே. ஜப்பானியர் கடல்வழி வந்தால் அவர்கள் கைக்குக் கிட்டக்கூடாதென்று, 1942-இல் வங்காளத்துக் கடற்கரைப் பகுதிகளில் பல்லாயிரம் படகுகளை அரசாங்கம் அப்புறப்படுத்தியது. அப்பகுதிகளில் எஞ்சியிருந்த நெல்லையும் வாங்கி அகற்றியது. ஐராவதிக் கரையில் பகைவன் படகை அகற்றியதால் சிப்பாய் சிக்கினான். வங்காளத்தில் தன் அரசாங்கமே படகை அகற்றியதால் மீனவன் சிக்கினான். 1942 அக்டோபரில் மிதுனபுரி மாவட்டத்தைப் புயல் தாக்கியது. போர்ச் செலவால் விலைகள் ஏறின, பதுக்கல் பெருகிற்று, மாகாணத்துக்கு மாகாணம் தானியம் செல்வது தடைப்பட்டது. கல்கத்தாவின் ஆலைத் தொழிலாளர்க்கு, போர் வேலை தடைப்படாதிருக்க, மலிவு அரிசி வழங்கப்பட்டது. கிராமத்துக் கூலியாளுக்கும் மீனவனுக்கும் அவ்வாறு வழங்குவார் இல்லை. அவர்கள் நகரை நோக்கி நடந்தனர். கல்கத்தாவின் நடைபாதைகளில் நின்று அவர்கள் கேட்டது சோறு அன்று, வடிகஞ்சி. 1943 ஆகஸ்டு 22-ஆம் நாள், கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை அக்காட்சிகளைப் படங்களாக வெளியிட்ட பின்னரே வெளியுலகம் விழித்தது.

அவ்வாண்டு அக்டோபரில் வேவல் வைசிராயாகப் பதவி ஏற்றார். சில நாட்களுக்குள் கல்கத்தா வந்தார். தெருவில் கிடந்தோரைத் தாமே சென்று பார்த்தார். தானியத்தைக் கிராமங்களுக்குக் கொண்டு செல்லும் பொறுப்பில் ராணுவத்தை ஈடுபடுத்தினார். லாரிகள் இருந்தன, ஆட்கள் இருந்தனர், வழிகளும் இருந்தன. எட்டு மாதங்களுக்கு முன் பர்மாக் காட்டுக்குள் 3,000 பேரை அனுப்பி, அவர்களுக்கு வானிலிருந்து உணவிட ஏற்பாடு செய்த அதே மனிதர்தான் இதையும் செய்தார். செய்ய முடியும் என்பது அதனால் விளங்கிற்று. காலம் கடந்துவிட்டது என்பதும் விளங்கிற்று. இப்பஞ்சத்தை ஆராய்ந்த உட்ஹெட் கமிஷன், இறந்தோர் தொகை 15 இலட்சம் என மதிப்பிட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் அதனை 30 இலட்சம் வரை உயர்த்துகின்றனர்.

இக்கதைக்கும் திரைப்படம் உண்டு. விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் நாவலைத் தழுவி, சத்யஜித் ராய் 1973-இல் உருவாக்கிய 'அசனி சங்கேத்' அது. பெர்லின் திரைப்பட விழாவில் அவ்வாண்டு தங்கக் கரடிப் பரிசை அது வென்றது. அதையும் யுத்தப் படம் என்றே கூறவேண்டும். எனினும் அதில் போர்க்களம் இல்லை. பச்சைப் பசேலென்ற ஒரு கிராமமும், வானத்திலே அவ்வப்போது அணிவகுத்துச் செல்லும் ஆகாய விமானங்களும் உண்டு. கிராமத்துப் பெண்கள் அவற்றை அழகிய பறவைக் கூட்டமென வியந்து நோக்குகின்றனர். அவை எங்கே செல்கின்றன என்பதை அவர்கள் அறியார். அவை போன பிறகு சந்தையில் அரிசி மறைகிறது, விலை ஏறுகிறது, முதற்சாவு நிகழ்கிறது.

இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே யுத்தத்தின் இரு முனைகளும் தெரிகின்றன. அமெரிக்கப் படம், விமானத்திலிருந்து உணவைப் பெறுபவனைக் காட்டுகிறது. வங்காளிப் படம், அத்தகைய விமானம் தன் தலைக்கு மேலே கடந்து செல்வதைப் பார்த்து நிற்பவளைக் காட்டுகிறது. காட்டிலே சூழப்பட்டவன் பிழைத்தது அவனுடைய துணிவினால் மட்டுமன்று. அவனை நினைவிற் கொண்டு, மறுமுனையில் கயிற்றைப் பற்றியிருந்தோர் உண்டு. வங்காளத்துக் கிராமத்தாரும் சூழப்பட்டவரே. அவர்களைச் சூழ்ந்தது பகைவர் சேனையன்று. படகின்மை, பணமின்மை, அரிசியின்மை. அந்தக் கயிற்றை அவர்கள் பக்கம் வீச எவரும் உரிய காலத்தில் எண்ணவில்லை.

படத்தின் தலைவன் இறந்தவர் வில்லைகளை எண்ணிக் கொடுத்தான். பஞ்சத்தில் மாண்டவர் கழுத்தில் வில்லை இல்லை. அதனாலேயே அவர்கள் தொகை 15 இலட்சமா, 30 இலட்சமா என்று இன்றும் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறோம்.